தாடை வலிக்குப் பின்னால் இருக்கும் பதற்றம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கரூரில் பிளஸ் டூ கணித ஆசிரியை. மூன்று வருடங்களாக இடது காதுக்கு முன்னால் வலி. கொட்டாவி விட்டால் தாடையில் 'கடக்' என்று சத்தம் வரும். முறுக்கு, கொய்யாக்காய் எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. காது டாக்டர் காதில் ஒன்றுமில்லை என்றார். அப்புறம் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். வலி அப்படியே இருந்தது.

கடைசியாகப் பார்த்த பல் டாக்டர் மட்டும்தான், "இரவில் தூக்கம் எப்படி? ஏதாவது கவலையா?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் அழுதுவிட்டேன். வீட்டுக்கடன், அம்மாவின் டயாலிசிஸ், பொதுத்தேர்வு முடிவு பற்றிய பயம். தூக்கத்திலும் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

உதடு மூடியிருந்தாலும் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக் கூடாதாம். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தொட்டால் போதும். இது எனக்கு 47 வயதில்தான் தெரிந்தது!

அமெரிக்காவில் 2006-இல் தொடங்கிய 'ஒப்பெரா' ஆய்வு, தாடை வலி இல்லாத சுமார் 3,000 பேரைத் தொடர்ந்து கவனித்தது. மனஅழுத்தமும் பதற்றமும் அதிகம் இருந்தவர்களுக்குப் பின்னாளில் இந்த வலி வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. வலி நீடித்தால் பதற்றமும் ஏறுகிறது. அதை நானே அனுபவித்தேன்.

இரவில் பல்லுக்கு உறை, சுடுநீர் ஒத்தடம், மனநல ஆலோசனை என்று ஆறு மாதமாகப் பரவாயில்லை. பல் மருத்துவமனைப் படிவங்களில் சர்க்கரை, ரத்த அழுத்தம் கேட்கிறார்கள். தூக்கத்தையும் கவலையையும் பற்றி இரண்டு கேள்வி சேர்க்கும்படி மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முன்பே அப்படிக் கேட்டிருந்தால் என் பல்லாவது மிஞ்சியிருக்கும்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை, கரூர்