கீழ்வீட்டு வ்ரூபெல்

கிராக்கோவ், போலந்து

அன்புள்ள சிவராமனுக்கு,

கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள். இங்கே மகன், மருமகள், பேத்தி எல்லோரும் நலம்.

பறவைப் பித்தனான உனக்கென்றே ஒரு செய்தி. கீழ்வீட்டுக்காரரின் குடும்பப் பெயர் வ்ரூபெல். போலிஷ் மொழியில் சிட்டுக்குருவி! வாசலில் அழைப்புமணிப் பலகையைப் பார்த்தால் மூன்றாம் மாடியில் ஸயோன்ட்ஸ், அதாவது முயல். அதற்கும் மேலே லிஸ், நரி.

எல்லாம் பழைய பட்டப்பெயர்கள். ஓர் ஊரில் யான் என்ற பெயரில் நாலைந்து பேர் இருந்தால், சிறு உருவமும் துறுதுறுப்பும் உள்ளவனைக் குருவி என்றிருப்பார்கள். செம்பட்டைத் தலையனோ தந்திரக்காரனோ நரியாகியிருப்பான். முதலில் அது அந்த ஒருவனோடு போய்விடும் பெயர்தான். பிறகு தேவாலயப் பதிவேடும், வரியும், படைக்கு ஆள் எடுப்பும் வந்து அதைப் பிள்ளைகள் தலையிலும் நிலையாக ஏற்றிவிட்டன. குடியானவர்களில் பலருக்குப் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில்தான் இப்படிப் பெயர் நிலைத்தது. முன்பெல்லாம் குருவியின் மனைவி வ்ரூப்லோவா, மகள் வ்ரூப்லுவ்னா. இன்று பெரும்பாலும் எல்லோரும் வ்ரூபெல்தான்.

வ்ருப்லெவ்ஸ்கியும் இதே பெயர்தான் என்று நினைத்துவிடாதே. பெரும்பாலும் அது வ்ருப்லெவோ போன்ற ஊர்ப்பெயரிலிருந்து வந்தது. நிலவுடைமைப் பிரபுக்களின் வழக்கம். ஸிக்முண்ட் வ்ருப்லெவ்ஸ்கி என்ற விஞ்ஞானி, 1883-இல் இதே கிராக்கோவில்தான் கரோல் ஓல்ஷெவ்ஸ்கியோடு சேர்ந்து ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் திரவமாக்கினார். பெரிய பெயர்தான். ஆனாலும் எனக்கு வெறும் வ்ரூபெலே பிடிக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஓர் உழவன் எப்படி இருந்தான் என்று அக்கம்பக்கத்தார் பார்த்த பார்வை அதில் இருக்கிறது. அவனைப் பற்றி வேறெந்த ஏட்டில் அவ்வளவு எழுதியிருக்கப் போகிறார்கள்?

ரஷ்ய ஓவியர் மிகயீல் வ்ரூபெலும் தந்தை வழியில் போலிஷ்காரர். குருவி எல்லை தாண்டியும் பெயர் மாறவில்லை. இன்னொன்று கேள். 2005-இல் இஸ்தான்புல் கால்பந்து இறுதிப்போட்டியில் மிலான் அணியின் பெனால்டிகளைத் தடுத்து லிவர்பூலை ஜெயிக்கவைத்த கோல்கீப்பர் யெஷி டூடெக் நினைவிருக்கிறதா? போலிஷில் டூடெக் என்றால் கொண்டலாத்திப் பறவை! ஏமாளி என்றும் ஒரு பொருள் உண்டு என்பதால், முதல் டூடெக் கொண்டை முடிக்காகப் பெயர் பெற்றானா, வெகுளித்தனத்துக்காகவா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

மாசியில் ஊர் திரும்புகிறேன். உங்கள் ஊர்ப் பக்கம் பறவைப் பட்டப்பெயர் கொண்ட குடும்பங்கள் இருந்தால் அதற்குள் விசாரித்து வை.

அன்புடன்,
ரகு