பாதி ஸ்டோயிக் போதாது

ஆசிரியருக்கு,

பண்டைய கிரேக்க, ரோமானியத் தத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஸ்டோயிக் ஞானிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரை, ‘எல்லாம் விதிப்படி நடக்கும், அலட்டிக்கொள்ளாதே’ என்பதே அவர்கள் போதனை என்று முடிகிறது. விதியை அவர்கள் நம்பினார்கள் என்பது சரி. ஆனால், கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொன்னதில்லை.

‘பிழைப்பது விதியென்றால் வைத்தியரை அழைத்தாலும் பிழைப்பேன், அழைக்காவிட்டாலும் பிழைப்பேன், பிறகு வைத்தியர் எதற்கு?’ என்று அந்தக் காலத்திலேயே எதிர்த்தரப்பினர் அவர்களை மடக்கினார்கள். ‘சோம்பேறி வாதம்’ என்றே அதற்குப் பெயர். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஏதென்சில் ஸ்டோயிக் பள்ளியின் தலைவராக இருந்த கிரிசிப்பஸ் கொடுத்த பதில்: பிழைப்பது விதியென்றால் வைத்தியரை அழைப்பதும் அதே விதியில் அடக்கம். மல்யுத்த வீரன் மைலோ ஒலிம்பியாவில் மல்யுத்தம் செய்வான் என்று விதித்திருந்தால், எதிராளி வராவிட்டாலும் செய்வான் என்று எவராவது சொல்வார்களா?

அடிமையாக இருந்து ஆசிரியரான எபிக்டெட்டஸ் காட்டும் உதாரணம் நம் கரைக்கு இன்னும் பொருத்தம். கடலுக்குப் போகிறவன் தானே தேர்ந்தெடுக்கக் கூடியவை: சுக்கான் பிடிப்பவன், கூட வரும் ஆட்கள், நாள், நேரம். அதற்குப் பிறகு புயல் வந்தால், ‘என் பங்கை முடித்துவிட்டேன்’ என்று பதறாமல் இருக்கலாம். இந்த வரிசைதான் முக்கியம். குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ வானிலை எச்சரிக்கையைக் கேட்பது, வயர்லெஸ் வேலை செய்கிறதா என்று பார்ப்பது, லைஃப் ஜாக்கெட்டை ஏற்றுவது எல்லாம் கரையிலேயே முடிய வேண்டிய காரியங்கள். அவற்றைச் செய்யாமல் ‘கடவுள் விட்ட வழி’ என்பவர், எபிக்டெட்டஸின் இரண்டாவது வரியை மட்டும் படித்தவர்.

குமரி முனையிலும் இதே கதைதான். வள்ளுவர் சிலையின் 38 அடி பீடம் அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிக்கிறது. அதில் கடைசி அதிகாரம் ஊழ், அதாவது விதி. விடாமுயற்சியைச் சொல்லும் ‘ஆள்வினையுடைமை’ 62ஆம் அதிகாரம். பீடத்துக்கு மேலே நிற்கும் 95 அடியில்தான் அது வருகிறது.

ஸ்டோயிக் ஞானிகளின் வாழ்க்கையும் சும்மா இருந்த வாழ்க்கை அல்ல. கிரிசிப்பஸுக்கு முன் பள்ளியின் தலைவராக இருந்த கிளியாந்தஸ் இரவெல்லாம் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைத்துவிட்டுப் பகலில் பாடம் கேட்டவர். ‘பிழைப்புக்கு என்ன செய்கிறாய்?’ என்று நீதிமன்றத்தில் நிறுத்தியபோது, தோட்டக்காரரும் மாவு விற்கும் பெண்ணும் வந்து சாட்சி சொன்னார்கள்.

‘கோபத்தை விடு’ என்று மட்டும் சொல்லிப் போகிறது கட்டுரை. எப்படி விடுவது? எபிக்டெட்டஸ் கணக்கு வைக்கச் சொல்கிறார். தினமும் கோபப்படுகிறவர் முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைக்க வேண்டும். பிறகு இரண்டு நாள், மூன்று நாள் இடைவெளி. 30 நாள் தாண்டினால் கடவுளுக்குக் காணிக்கை செலுத்தலாம். இடையில் ஒருமுறை கத்தினால், அன்றைய தவறோடு போகாது, பழைய பழக்கமும் பலப்படும் என்கிறார். ஆறாத தழும்பின்மேல் மறுபடி அடிபட்டால் அது புண்ணாகிவிடும்.

எபிக்டெட்டஸ் சொன்ன இவையெல்லாம் அவருடைய மாணவர் அரியன் எழுதிவைத்த பாடக் குறிப்புகளில் இருப்பவை. கடற்பயண உதாரணம் இரண்டாம் புத்தகத்தின் 5ஆம் அத்தியாயம். அடுத்த ஞாயிறு மலரில் அந்தப் பகுதியையாவது முழுமையாகத் தமிழில் வெளியிட வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற தத்துவ விரிவுரையாளர், தக்கலை