ஹார்லெமிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? இங்கே நெதர்லாந்தில் குளிர் விட்டுவிட்டது, காற்று மட்டும் விட்டபாடில்லை.

போன வாரம் வீடியோவில் பேசும்போது, "சுவரில் என்னம்மா அது, பழைய பிளாக் அச்சு மாதிரி இருக்கே" என்று கேட்டீர்கள். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

அது செப்புத்தகட்டில் அச்சடித்த இயற்கைக் காட்சி. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தோனி வாட்டர்லோ செய்தது. ஓர் ஓடை, பெரிய மரம், சின்னப் பாலம், அவ்வளவுதான் படம். நம் அச்சகத்துக்குக் கும்பகோணத்திலிருந்து துத்தநாக பிளாக் வருமே, அதில் கோடு மேலே நிற்கும், மற்ற இடத்தை ஆசிட் தின்றிருக்கும். இது அப்படியே தலைகீழ். தகட்டில் மெழுகு பூசி, அதன்மேல் ஊசியால் வரைவார்கள். ஆசிட்டில் போட்டதும் வரைந்த கோடு பள்ளமாகிவிடும். தகடு முழுக்க மை தேய்த்து, மேலே இருப்பதைத் துடைத்தெடுத்து, ஈரக் காகிதத்தை வைத்து உருளைக்கு நடுவே விட்டால், காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு பதிந்திருக்கும். விரலால் தடவினால் தெரியும். அந்தக் காலத்தில் பலர் ஓரத்தை அந்த விளிம்பு வரை நறுக்கிவிடுவார்களாம். என் தாளில் மூன்று பக்கம் தப்பியிருக்கிறது.

விலையை நினைத்து அம்மா கவலைப்பட வேண்டாம். நூறு யூரோவுக்கும் குறைவுதான். 1690இல் வாட்டர்லோ இறந்த பிறகும், அவருடைய தகடுகள் கைமாறிக் கைமாறி நெடுங்காலம் அச்சில் ஓடிக்கொண்டிருந்தன. செம்பு மென்மையானது, ஓட ஓடக் கோடு தேயும். தேய்ந்த இடத்தை மறுபடி கீறி ஆழமாக்குவார்கள். என் தாளில் நிழலெல்லாம் கரேலென்று இருக்கிறது, மரத்தின் உச்சி இலைகள் மட்டும் வெளுத்துப்போயிருக்கின்றன. பிற்காலத்து அச்சு என்று அதிலேயே தெரிந்துவிடும். தகடு புதிதாக இருந்தபோது எடுத்த அச்சு என்றால் விலையே வேறு. எனக்கு இது போதும்.

காகிதத்தைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால், காகிதம் வார்த்த கம்பிச் சல்லடையின் கோடுகள் நெருக்கமாக ஓடுவது தெரியும். குறுக்கே சற்று இடைவெளி விட்டு வேறு கோடுகள். மரக்கூழ் கிடையாது, முழுக்கக் கந்தல் துணி. அதனால்தான் நம் பழைய நோட்டீஸ்கள் மாதிரி பழுத்து நொறுங்காமல் இன்னும் துணியாட்டம் வளைகிறது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வெஸ்ட்ஸான் என்ற ஊரில், 1692இல் கட்டிய காற்றாலை ஒன்று இன்றைக்கும் காற்றின் பலத்திலேயே கந்தலை அரைத்துக் காகிதம் செய்கிறது. நீங்கள் வந்தால் முதலில் அங்கேதான்.

ஆனால் எனக்கு இதில் பித்துப் பிடித்ததற்குக் காரணம் காகிதம் இல்லை, கிளாஸ் விஸ்ஸர். ஆம்ஸ்டர்டாம்காரர், வரைவதும் அவரே, வெளியிடுவதும் அவரே. 1611, 1612 வாக்கில் ஹார்லெமைச் சுற்றி நடந்து பார்த்த இடங்களைச் சின்னச் சின்னத் தாள்களாக ஒரு தொகுதி போட்டார். சாமி இல்லை, ராஜா இல்லை. மணல்மேட்டின் ஓரம் துணி வெளுக்கும் வெளி, சாண்ட்வோர்ட் கடற்கரையில் கப்பல்களுக்காகத் தீ மூட்டும் கோபுரம், ஊருக்கு வெளியே தொழுநோயாளிகளின் இல்லம். தூரதேசம் போக நேரமில்லாத ரசிகர்களுக்காக என்று அவரே சொல்லிவிடுகிறார்.

அந்த வருடங்களை யோசித்துப் பாருங்கள் அப்பா. 1572 டிசம்பரிலிருந்து ஏழு மாதம் ஸ்பெயின் படை இந்த ஊரை முற்றுகையிட்டுப் பட்டினி போட்டு வீழ்த்தியது. போகும்போது அவர்கள் வெடிவைத்துத் தகர்த்த கிளேஃப் மாளிகையின் இடிபாட்டையும் விஸ்ஸர் வரைந்திருக்கிறார். 1609இல் பன்னிரண்டு வருடப் போர்நிறுத்தம் வந்தது. பயமில்லாமல் ஊர்வாசலைத் தாண்டி நடக்க முடிந்ததும், தங்கள் சொந்த மண்ணை இவர்கள் ஆசை தீரப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அந்த இடிபாடு இன்றும் ஹார்லெமின் வடக்கே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். வந்த புதிதில் இந்த நாடு வெறும் தட்டையாகத்தான் தெரிந்தது. இந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் மணல்மேடும் வாய்க்காலும் தனித்தனியே கண்ணில் படுகின்றன.

விஸ்ஸரின் தாள் எதுவும் என்னிடம் இல்லை. ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் ராய்க்ஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகத்தில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் படிப்பறையில் அசலையே மேஜையில் வைத்துக் காட்டுவார்கள். பக்கத்தில் யாரும் அவசரப்படுத்தாமல் பார்க்கலாம். ரெம்ப்ராண்டின் 1643ஆம் வருட 'மூன்று மரங்கள்' என்ற படத்தைப் பார்க்கவும் எனக்கு ஆசை. அதில் புதருக்குள் ஒளிந்திருக்கும் காதல் ஜோடியை லென்ஸ் இல்லாமல் கண்டுபிடிப்பது கஷ்டம்.

நாகப்பட்டினம் படம் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். டச்சுக்காரர்கள் 1658இல் அதைப் பிடித்தார்கள். பால்டேயஸ் என்ற பாதிரியார் நம் கடற்கரையையும் இலங்கையையும் பற்றி எழுதி, 1672இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான புத்தகத்தில் கடற்கரை ஊர்களின் படங்கள் உண்டு. பழைய புத்தகங்களைப் பிரித்து, படத்தை மட்டும் தனியாக விற்கும் வழக்கம் இங்கே இருக்கிறது. அப்படிப் பிரித்த தாளை வாங்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பைண்டிங் பிரிந்தாலே நீங்கள் எப்படித் துடிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். முழுப் புத்தகத்தை ஏதாவது நூலகத்தில் கேட்டு, சேர்ந்தே பார்ப்போம்.

விசா வேலையை இந்த மாதமே ஆரம்பியுங்கள். வரும்போது அச்சகத்து லென்ஸை மறக்காமல் பையில் வையுங்கள். அம்மாவிடம் ஸ்வெட்டர் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்