மூன்று பேனா

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்த மறுநாள்தான் எனக்குக் கண்புரை அறுவை, பதில் தள்ளிப்போனதற்குக் காரணம் அதுதான். கட்டுப் பிரித்ததும் முதல் வேலையாக நீ அனுப்பியிருந்த படத்தை எடுத்து வைத்துக்கொண்டேன்.

1763இல் ஆங்கில ஓவியர் ஹோகார்த், அரசைத் தாக்கி எழுதிய அரசியல்வாதி ஜான் வில்க்ஸைக் கேலியாக வரைந்த இந்தப் படத்தில், ஒருவருடைய மாறுகண்ணைக் கேலி செய்வது மட்டமான வேலை என்று எழுதியிருந்தாய். பாதி சரி. ஆனால் வில்க்ஸுக்கு உண்மையிலேயே மாறுகண்தான், ஹோகார்த் கொஞ்சம் அழுத்தி வரைந்திருப்பார், அவ்வளவே. நீ கண்ணிலேயே நின்றுவிட்டாய், தலைக்கு மேலே பார். பொய்முடியின் சுருள்கள் இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி எழும்பி நிற்கின்றன. கையில் ஒரு கழி, அதன் நுனியில் சுதந்திரத் தொப்பி. வில்க்ஸ் கூட்டத்துக்கு அது புனிதமான சின்னம், இங்கே கவிழ்த்துப் போட்ட சட்டி மாதிரி இருக்கிறது, அதுவும் மகான்களுக்கு ஒளிவட்டம் போடுகிற இடத்தில்! கொம்பும் ஒளிவட்டமும் ஒரே தலையில். சுதந்திரம் சுதந்திரம் என்று கத்துகிற ஆள் யாரென்று பாருங்கள் என்கிறார் ஹோகார்த்.

அப்புறம் அந்த மேசை. வில்க்ஸ் நடத்திய 'நார்த் பிரிட்டன்' இதழ் இரண்டு கிடக்கிறது, எண் 17, எண் 45. அரசரின் உரையைத் தாக்கிய 45ஆல்தான் வில்க்ஸ் கைதானார், அந்த வழக்கு நடந்த நீதிமன்றத்தில் உட்கார்ந்துதான் ஹோகார்த் அவரை வரைந்துகொண்டார். சரி, 17க்கு அங்கே என்ன வேலை? அதில் வில்க்ஸ் கிழித்துத் தொங்கவிட்டது ஹோகார்த்தையே. அதற்குமுன் இருவரும் நண்பர்கள், தெரியுமா? நாட்டுக்காகக் கேலி செய்வதுபோல இருக்கிற படத்தில் சொந்தக் கணக்கையும் மறைக்காமல் வைத்திருக்கிறார் மனிதர். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த 17ஆல்தான்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கல்லூரியில் நீ என்னை வரைந்தது ஞாபகம் வந்தது. மூக்கைப் பெரிதாக்கிவிட்டாய் என்று இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. சட்டைப் பையில் மூன்று பேனா செருகியிருந்தாய், பரீட்சையில் வெள்ளைத்தாளை நீட்டிவிட்டு வந்தவனுக்கு! இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் உறைக்கிறது. அந்தத் தாள் இன்னும் உன்னிடம் இருந்தால் அனுப்பி வை.

உன்
பழைய மூக்கன்