அந்தக் காயிலை முதலில் அளந்து பார்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்பதையும் வண்டி நடக்க மறுக்கிறது என்பதையும் ஒரே பாராவில் எழுதியிருக்கிறாய், இதில் எது உன் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று எனக்குத் தெரியும். இங்கே எல்லாரும் நலம். எனக்கு முட்டிவலிதான் கூடிவிட்டது, வண்டிக்கு அடியில் படுத்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது, அதனால் இப்போதெல்லாம் பானட்டைத் திறந்து நின்றபடியே பார்க்கக்கூடிய வேலைகளாகத் தேடிப்பிடித்துச் செய்கிறேன். இக்னிஷன் வேலை அதற்கு ரொம்பத் தோது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிறது, அரைமணி நேரம் ஓடியதும் பட்டென்று நின்றுவிடுகிறது, ஓரமாக விட்டு ஆறவைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி கிளம்புகிறது என்கிறாய். பெட்ரோல் பம்ப் மாற்றியாயிற்று, கண்டென்சர் மாற்றியாயிற்று, கடைசியாக, பேட்டரியின் 12 வோல்ட்டைப் பிளக்கில் பொறி பாய ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிக்கொடுக்கும் இக்னிஷன் காயிலும் மாற்றியாயிற்று, "இப்போது முன்னைவிடச் சீக்கிரமாக நிற்கிறது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய் பார், மற்ற நான்கு பக்கத்தையும்விட அந்த வரிதான் முக்கியம். புதுக் காயில் போட்ட பிறகு குறை கூடியிருக்கிறது. அப்படியென்றால் அந்தக் காயில் உன் வண்டிக்கு உரியதுதானா என்று முதலில் பார்.

ஒயர்களைக் கழற்றிவிட்டு, அதன் இரண்டு சின்ன முனைகளுக்கு நடுவே மல்டிமீட்டரை வை. 12 வோல்ட் பாயிண்ட் வண்டிக்கு (காயிலின் கரண்ட்டைத் திறந்து மூடி விடும் அந்தச் சின்னக் காண்டாக்ட்தான் பாயிண்ட்), பாலஸ்ட் ரெசிஸ்டர், அதாவது காயிலுக்குப் போகும் கரண்ட்டைக் குறைக்க வெளியே வைக்கும் மின்தடை, இல்லாத அமைப்பில், ஏறக்குறைய 3 ஓம் காட்ட வேண்டும். 1.5 ஓம் பக்கமாகக் காட்டினால் அது பாலஸ்டோடு சேர்ந்து வேலை செய்வதற்கான காயில். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே அளவு டப்பாதான், வித்தியாசமே தெரியாது. கணக்கு போட்டுப் பார்: 3 ஓம் என்றால் பாயிண்ட் மூடியிருக்கும்போது 4 ஆம்பியர், அதாவது 48 வாட். 1.5 ஓம் காயிலை பாலஸ்ட் இல்லாமல் மாட்டினால் 8 ஆம்பியர், 96 வாட். இரண்டு மடங்கு சூடு அந்தச் சின்ன டப்பாவுக்குள்ளேயே உண்டாகிறது, எஞ்சின் சூடு வேறு, போதாததற்குப் பாயிண்ட்டும் கருகும். நீ சொல்லும் அடையாளம் எல்லாம் இதற்கு அப்படியே பொருந்துகிறது. இன்னொன்று, எஞ்சினை ஓட்டாமல் சாவியைப் போட்டுவைத்து எதையாவது நோண்டுகிற பழக்கம் உனக்கு உண்டு. பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் நல்ல காயில்கூட அதில் வெந்துபோகும். அந்தப் பழக்கத்தை விட்டுவிடு.

3 ஓம் சரியாகவே காட்டினால்? அப்போதும் காயில் நல்லது என்று சொல்லிவிட முடியாது. மீட்டர் அனுப்புவது ஒன்றிரண்டு வோல்ட், காயில் வேலை செய்வதோ ஆயிரக்கணக்கான வோல்ட்டில். உள்ளே இன்சுலேஷன் பலவீனமாக இருந்தால் மீட்டருக்கு அது தெரியவே தெரியாது. மெல்லிய கம்பி ஒன்று எங்கோ விட்டிருந்தால், ஆறியிருக்கும்போது முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விரிந்ததும் பிரிந்துவிடும். செம்புக் கம்பிக்கு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் மின்தடை சுமார் 0.39 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 3 ஓம் காட்டியது 80 டிகிரியில் 3.7 காட்டினால் அது இயல்பு, பயப்படாதே. வண்டி நின்ற நிமிஷத்தில் அளந்து, மீட்டர் எல்லையில்லாத ஓம் காட்டினால்தான் கம்பி அறுந்திருக்கிறது.

பெட்ரோல் பக்கம் நீ சந்தேகப்பட்டதில் தப்பில்லை, பெட்ரோல் பைப்புக்குள்ளேயே ஆவியாகி ஓட்டத்தை அடைக்கும் வேப்பர் லாக்கும் சூட்டில்தான் வரும். ஆனால் பெட்ரோல் குறைந்து நிற்கும் வண்டி பெரும்பாலும் பட்டென்று நிற்காது, திணறும், இழுத்து இழுத்து ஓடும், கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சம் இருப்பதைக் குடித்துவிட்டுத்தான் அடங்கும். உன்னுடையது விளக்கை அணைத்ததுபோல நிற்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். உன் வண்டியில் காயிலிலிருந்து சிக்னல் வாங்கும் டாக்கோமீட்டர் (எஞ்சின் சுற்று காட்டும் மீட்டர்) இருந்தால் இன்னும் சுலபம்: வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் பூஜ்யத்துக்கு விழுந்தால் காயிலின் பிரைமரி பக்கம், அதாவது 12 வோல்ட் பக்கம், கரண்ட் அறுந்திருக்கிறது. முள் ஆடாமல் நின்று வண்டி மட்டும் அடங்கினால் ஹெச்டி பக்கம் (பிளக்குக்குப் போகும் உயர் வோல்டேஜ் பக்கம்), இல்லாவிட்டால் பெட்ரோல்.

காயில் ப்ளஸ் முனையிலிருந்து ஒரு நீள ஒயர் இழுத்து டாஷ்போர்டில் சின்ன பல்பு ஒன்றை மாட்டிக்கொள். (நெகடிவ் எர்த், அதாவது பேட்டரியின் மைனஸ் பாடியோடு சேர்ந்த வண்டி என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன், பாசிட்டிவ் எர்த் என்றால் முனைகளை மாற்றிப் படித்துக்கொள்.) வண்டி நிற்கும்போது பல்பும் அணைந்தால் காயிலை விட்டுவிடு, இக்னிஷன் சுவிட்ச், அதிலிருந்து வரும் ஒயர், கிளிப் இவற்றைப் பார். பழைய சுவிட்சின் காண்டாக்ட் சூட்டில் விடுவது அபூர்வமில்லை. பல்பு எரிகிறதா, மைனஸ் முனையில் மீட்டரை வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல். பாயிண்ட் திறந்து மூடுவதற்கேற்ப வோல்ட் ஏறி இறங்க வேண்டும். 12 வோல்ட்டிலேயே நின்றால் பாயிண்ட் வழியாக எர்த் போகவில்லை, பூஜ்யத்திலேயே நின்றால் கண்டென்சர் ஷார்ட், அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போகும் ஒயர் எங்கோ உரசுகிறது. அந்தப் பாயிண்ட் பிளேட்டை எர்த்தோடு சேர்க்கும் சின்னப் பின்னல் ஒயரை யாருமே பார்ப்பதில்லை. பொறி நேரத்தை எஞ்சின் உறிஞ்சலுக்கேற்ப மாற்றும் வாக்குவம் அட்வான்ஸ் பிளேட்டை ஆட்டி ஆட்டி அது உள்ளுக்குள் அறுந்திருக்கும், பார்வைக்கு முழுசாக இருக்கும். இழுத்துப் பார்.

காயில் மேல் ஈரத்துணி போடுவது எல்லாரும் சொல்லும் வைத்தியம். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. நீ துணியை நனைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கண்டென்சரும் ஆறுகிறது, பெட்ரோல் பைப்பும் ஆறுகிறது, வண்டி கிளம்பினால் யார் குற்றவாளி என்று எப்படிச் சொல்வாய்? தலைகீழாகச் செய். காலையில் எல்லாமே ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணி ஐடிலில் விட்டு, தலைமுடி காயவைக்கும் டிரையரால் ஒரே ஒரு பாகத்தை மட்டும் சூடாக்கு. முதலில் கண்டென்சர், அதை ஆறவிட்டு அப்புறம் காயில். எதைச் சூடாக்கும்போது மிஸ்ஸிங் அடிக்கிறதோ அதுதான். ஐடிலில் ஒன்றும் ஆகவில்லை என்றால் விடுவித்துவிடாதே, லோடில் சிலிண்டர் அழுத்தம் கூடும்போதுதான் பிளக்குக்கு அதிக வோல்டேஜ் வேண்டியிருக்கும். பெட்ரோல் கசிவு ஏதும் இல்லையா என்று பார்த்துவிட்டு டிரையரை எடு, ஃபேனிடமிருந்து அதன் ஒயரைத் தள்ளி வை.

கண்டென்சர் புதிது என்பதால் நல்லது என்று எண்ணாதே. 0.2 முதல் 0.25 மைக்ரோஃபாரட் வரை இருக்க வேண்டிய சின்னக் குப்பி அது, பாயிண்ட் திறக்கும் கணத்தில் கரண்ட்டைத் தான் வாங்கிக்கொண்டு பாயிண்ட்டில் பொறி பறக்காமல் பார்த்துக்கொள்கிறது. நாலு சிலிண்டர் எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் ஓடினால் நொடிக்கு 100 தடவை இது நடக்க வேண்டும். சூட்டில் கசியத் தொடங்கினால் பாயிண்ட்டில் பொறி பறக்கும், பிளக்கில் பொறி சோர்ந்துபோகும். சார்ல்ஸ் கெட்டரிங் 1910 வாக்கில் காடிலாக்குக்குக் கொடுத்த அமைப்புதான் இன்னும் நம் வண்டியில் இருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியம். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அதன் பலவீனம் இந்தக் குப்பிதான். பழைய கண்டென்சரைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால் அதையே மாட்டி ஒருமுறை ஓட்டிப் பார்.

டிஸ்ட்ரிபியூட்டர் கேப்புக்குள் சுழன்று பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக்கொடுக்கும் ரோட்டரையும் மறக்காதே, அதன் பித்தளைக்கு அடியில் ரிவிட் இருக்கும் வகையில் பொறி பிளாஸ்டிக்கைத் துளைத்து நடுத்தண்டு வழியாக எர்த்துக்குப் போய்விடும். கேப்பைக் கழற்றிவிட்டு, காயிலின் ஹெச்டி கேபிள் முனையை, இன்சுலேஷன் உள்ள கருவியால் பிடித்து, ரோட்டர் பித்தளைக்கு 3 மில்லிமீட்டர் மேலே வைத்து ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல். விடாமல் தடித்த பொறி பாய்ந்தால் ரோட்டர் போயிற்று.

இன்னும் ஒரு விஷயம், உன் காயில் எஞ்சின் பிளாக்கிலேயே மாட்டியிருக்கிறது என்று ஞாபகம். வண்டியை நிறுத்தியதும் ஃபேனும் தண்ணீர் ஓட்டமும் நின்றுபோகும், பானட்டுக்குள் சூடு குறையாமல் முதலில் ஏறத்தான் செய்யும், அதனால்தான் நின்ற கொஞ்ச நேரத்தில் நீ அடிக்கும்போது எடுப்பதே இல்லை. காயிலைக் கழற்றி, காற்று படும் இடமாகப் பார்த்து உள் ஃபெண்டரில் மாட்டு. பழைய தோற்றம் கெட்டுவிடும் என்று நீ முகம் சுளிப்பாய், சுளித்துக்கொள், வழியில் நிற்கும் வண்டிக்குத் தோற்றம் எதற்கு?

பாயிண்ட்டுக்குப் பதிலாக மாட்யூல் வைக்கும் எலக்ட்ரானிக் இக்னிஷன் பற்றி நீ கேட்டதற்கு: மாட்டலாம், நான் எதிரி இல்லை. ஆனால் இந்தக் குறையைக் கண்டுபிடிக்காமல் மாட்டாதே. அந்த மாட்யூலுக்கும் சூடு ஆகாது, தப்பான காயிலோடு சேர்த்தால் அதுவும் போய்விடும், அப்புறம் சாலையோரத்தில் உப்புத்தாளை வைத்துத் தேய்த்துச் சரிசெய்ய அதில் ஒன்றும் இருக்காது.

காயில் ஓம், வண்டி நின்றபோது பல்பு எரிந்ததா இல்லையா, இந்த இரண்டை மட்டும் அடுத்த கடிதத்தில் எழுது. அதுவரை புதுசாக எதையும் வாங்காதே. பேத்தி படமும் வேண்டும், போன தடவை அனுப்பிய உறையில் கார்புரேட்டர் படம்தான் இருந்தது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி