இன்னும் எத்தனை தடவை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திரையில் வரும் வன்முறை குழந்தைகளை என்ன செய்கிறது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சினிமாவையும் வீடியோ கேமையும் கட்டுரையாளர் ஒரு பிடி பிடித்திருந்தார். செய்தியைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஓர் இரவு சாப்பிட்டுக்கொண்டே செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து வயதுப் பேத்தி தரையில் குப்புறப் படுத்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். டிவியில் ஒரு சிசிடிவி காட்சி. ஒருவரை நாலு பேர் சூழ்ந்துகொண்டு அடிக்கிறார்கள். முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள், அடியை மங்கலாக்கவில்லை. மொத்தம் பதினைந்து விநாடி இருக்கும். அதைச் சிவப்பு வட்டம் போட்டு ஒரு தடவை, மெதுவாக ஓட்டி ஒரு தடவை, அப்புறம் விவாதத்துக்கு வந்தவர்கள் பேசி முடிக்கும்வரை திரையின் ஓரத்தில் விடாமல் ஓட்டினார்கள். பேத்தி கலர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “தாத்தா, அவரை இன்னும் எத்தனை தடவை அடிப்பாங்க?”

ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப ஓடுகிறது என்பது அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அது புது அடி. அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதே அதுவரை எனக்கு உறைக்கவில்லை. ரிமோட் எங்கே என்று தேடுவதற்குள் இன்னும் இரண்டு தடவை அடித்துவிட்டார்கள். அன்றிரவு விளக்கை அணைக்க விடவில்லை. “அவங்க நம்ம வீட்டுக்கு வருவாங்களா?” என்று கேட்டுக்கொண்டே தூங்கினாள். சினிமாவாக இருந்தால் அது ரத்தமில்லை, சாயம் என்றாவது சொல்லிப் பார்த்திருப்பேன். (ஏழெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் அந்தச் சமாதானமும் அவ்வளவாக எடுபடாது, பக்கத்தில் போய் உட்கார்வதுதான் உதவும்.) செய்தியில் வருவதை நிஜமில்லை என்று எந்த வாயால் சொல்வது?

இந்தப் பேச்சு எப்போது எழுந்தாலும், ‘பார்த்த பிள்ளை போய் யாரையாவது அடிக்குமா?’ என்பதிலேயே நின்றுவிடுகிறோம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961இல் நடத்திய சோதனையை உங்கள் கட்டுரையாளரும் சொல்லியிருந்தார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் தாங்களும் அப்படியே அடித்தார்கள். அவர் 1965இல் வெளியிட்ட இன்னொரு சோதனையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். இந்தத் தடவை படமாகக் காட்டினார்கள். அடித்தவருக்குப் படத்தில் தண்டனை கிடைத்ததைப் பார்த்த பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே அடித்தார்கள். சரி, தண்டனையைக் காட்டினால் போதும் என்று தோன்றுகிறதல்லவா? அடுத்து, ‘படத்தில் பார்த்ததைச் செய்து காட்டு, பரிசு தருகிறோம்’ என்றார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் செய்து காட்டினார்கள். கற்றுக்கொள்வதில் யாரும் குறை வைக்கவில்லை, வெளியே காட்டாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

அதற்காக, கேம் விளையாடும் பையனெல்லாம் கொலைகாரன் ஆகிவிடுவான் என்று நான் சொல்லவரவில்லை. பொம்மை வேறு, மனுஷன் வேறு. வன்முறைக் குற்றங்களுக்கு வீடியோ கேமைக் காரணம் காட்டுவது அறிவியல்படி சரியில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கமே 2020இல் சொல்லிவிட்டது. கத்துவது, தள்ளிவிடுவது போன்றவற்றோடு சிறு தொடர்பு தெரிகிறது என்பதோடு நிறுத்திக்கொண்டது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

ஆனால் பார்க்கிற பிள்ளை அடிக்காமலே பயந்து போகலாமே? தொலைக்காட்சியை அதிகம் பார்ப்பவர்கள் உலகத்தை உள்ளதைவிடக் கொடியதாக நினைக்கிறார்கள் என்று ஊடக ஆய்வாளர் ஜார்ஜ் கெர்ப்னர் பல வருடம் ஆராய்ந்து சொன்னார். 2013இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்த பிறகு நடந்த ஓர் ஆய்வு இன்னும் திகைப்பாக இருக்கிறது. அந்த வாரம் நாளுக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியிலேயே மூழ்கியிருந்தவர்கள், சம்பவ இடத்திலோ அதன் அருகிலோ இருந்தவர்களைவிடக் கூடுதலான மன அழுத்தத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் விவரம் தெரிந்த பெரியவர்கள்.

செய்தியை மறைக்கச் சொல்லவில்லை. நடந்தது ஊருக்குத் தெரிந்தாக வேண்டும். பதினைந்து விநாடி போதும் அதற்கு. நாற்பது நிமிடம் ஓட்ட வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று, கோபிக்க வேண்டாம். மறுநாள் காலை உங்கள் இணையதளத்தைப் போனில் திறந்தேன். அதே காட்சி, விரல் படாமலே தானாக ஓட ஆரம்பித்தது. பேத்தி என் மடியில் இருந்தாள். அந்தத் தானியங்கி வசதியை எடுத்துவிடுங்கள். பார்க்க வேண்டும் என்பவர்கள் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். என் பங்குக்கு, இப்போதெல்லாம் அவள் தூங்கிய பிறகுதான் செய்தி வைக்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்