பூச்சியத்தையும் சாதனைப் பட்டியலில் சேருங்கள்: வடமாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கும் பிராந்தியப் பணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

வருட முடிவில் சாதனைகளைத் தொகுக்கும்போது புதிய கட்டடமும் புதிய இயந்திரமும் முன்னுக்கு வருகின்றன. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவியபோது டொக்சிசைக்கிளின் குளிசையோடு வீடுவீடாகத் திரிந்தவர்களின் உழைப்பும் ஊருக்குத் தெரிந்தது. மலேரியா தடை இயக்கத்தின் வெளிக்கள ஊழியர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்கள் ஒழுங்காக வேலை செய்தால் அறிக்கையில் வருவது ஒரு பூச்சியம் மட்டுமே.

அந்தப் பூச்சியத்தின் விலை உங்களுக்குத் தெரியாததல்ல. 1963இல் நாடு முழுவதும் 17 மலேரியா நோயாளர்களே பதிவானார்கள். நோய் போய்விட்டதென்று கை தளர்ந்தது. 1969இல் எண்ணிக்கை 5 இலட்சத்தைத் தாண்டியது. உள்நாட்டில் மலேரியா பரவவில்லை என்ற இப்போதைய பூச்சியம் 2012 ஒக்ரோபருக்குப் பிறகு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2016 செப்ரெம்பரில் சான்றளித்தது. அதே ஆண்டு டிசெம்பரில் மன்னார்க் கிணறுகளில், மலேரியாவைப் பரப்பும் இன்னொரு நுளம்பான அனோபிலிஸ் ஸ்டீபன்சி பிடிபட்டது. பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டுபிடிக்கப்பட்டது.

பழைய மலேரியா நுளம்பான கியூலிசிபேசிசுக்கு ஆற்றுப் படுகையில் தேங்கும் தெளிந்த நீர் வேண்டும். ஸ்டீபன்சிக்குக் கிணறும் சீமெந்துத் தொட்டியும் கூரைத் தாங்கியும் போதும். வற்றாத ஆறில்லாத, வளவுக்கொரு கிணறுள்ள குடாநாட்டில் இதன் பொருள் என்னவென்று விளக்கத் தேவையில்லை. வெளிநாட்டிலுள்ளவர்களின் பூட்டிய வளவுகளுக்குள் இருக்கும் பாவிக்காத கிணறுகள்தான் பெரிய தலையிடி. கேற் திறக்க ஆளில்லை.

பாவனைக் கிணற்றுக்கு, நுளம்புக் குடம்பியைத் தின்னும் கப்பி மீன் நல்ல வழி. ஆனால் அது ஏன் அடிக்கடி தோற்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். மாரி வெள்ளம் வடிந்ததும் பொதுச் சுகாதார பரிசோதகர்கள் கிணறுகளுக்குக் குளோரின் இடுகிறார்கள்; வயிற்றோட்டத்தையும் நெருப்புக் காய்ச்சலையும் தடுக்க அது கட்டாயம். அந்தக் குளோரினில் மீன் செத்துவிடும், நுளம்புக் குடம்பியோ பெரும்பாலும் தப்பிவிடும். ஒரு பிரிவு விட்ட மீனை இன்னொரு பிரிவு அறியாமலே கொன்று, நுளம்புக்கு எதிரியில்லாத கிணற்றை விட்டுப் போகிறது. இதில் எவர் பிழையும் இல்லை. இரண்டு பதிவேடுகளும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை என்பதே பிழை.

கணக்கு எளிது. 2 மீற்றர் விட்டமும் 3 மீற்றர் நீராழமும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 9,400 லீற்றர் நீர் இருக்கும். 1,000 லீற்றருக்கு 2.5 கிராம் என்றால் நல்ல குளோரின் தூள் 24 கிராம் அளவில் போதும். வெள்ளம் புகுந்த கிணற்றைச் சுத்திகரிக்க இதைவிடப் பல மடங்கு இடுவார்கள். குளோரின் இட்ட திகதியைக் குறித்து, சில நாள் கழித்து எஞ்சிய குளோரின் இல்லையென்று சோதித்த பிறகே மீனைத் திரும்ப விட வேண்டும். பையோடு கால் மணி நேரம் கிணற்று நீரில் மிதக்கவிட்டு, வெப்பம் சமனானதும் திறக்க வேண்டும். மேலிருந்து கொட்டினால் பாதி மிஞ்சாது. பாவிக்காத கிணற்றுக்கு குடம்பியைக் கொல்லும் 1 வீத ரெமிபொஸ் மணல், 100 லீற்றருக்கு 10 கிராம். மேற்சொன்ன அளவுக் கிணற்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

அடுத்தது ஆய்வுகூடம். ஒரு இரத்தப் பூச்சில் கிருமி இல்லையென்று எழுத, தடித்த பூச்சில் நுணுக்குக்காட்டியின் கீழ் குறைந்தது 100 புலங்கள் பார்க்க வேண்டும். வருடக்கணக்காக ஒன்றும் காணாத கண் சலித்துப் போகும். இது சோம்பலல்ல, மனித இயல்பு. கிருமி உள்ளதென்று தெரிந்த பூச்சுகளை இடைக்கிடை கலந்து அனுப்புவதே அதற்கு மருந்து. நம் ஊருக்கென்று வேறு சிக்கல்களும் உண்டு: மத்தியான வெக்கையில் தடித்த பூச்சு தானாகவே பதப்பட்டு, செங்குழியங்கள் கரையாமல் நின்று கிருமியை மறைத்துவிடும். கிருமிக்கு நிறமூட்டும் ஜீம்சாச் சாயத்தைச் சுண்ணாம்புச் சத்துள்ள கிணற்று நீரில் கரைத்தால் நிறமும் பிழைக்கும். சாயம் கரைக்க 7.2 பீ.எச். தாங்கற் கரைசலைத் தடையின்றி வழங்குங்கள்.

பலாலிக்குச் சென்னை விமானமும் காங்கேசன்துறைக்கு நாகபட்டினக் கப்பலும் வருவது நல்ல காரியம். ஆனால் விவக்ஸ் வகை மலேரியாக் கிருமி ஈரலில் மாதக்கணக்காக உறங்கும். டெங்குக் காலத்தில் காய்ச்சலும் குறைந்த குருதிச் சிறுதட்டும் கண்டால் டெங்கென்றே எழுதத் தோன்றும். மலேரியாவிலும் சிறுதட்டு குறையும். "கடந்த ஒரு வருடத்துக்குள் வெளிநாடு போனீர்களா?" என்ற கேள்வியை வெளிநோயாளர் துண்டிலேயே அச்சிடுங்கள். விவக்சுக்குக் குளோரோகுயின் 3 நாள், ஈரலில் உறங்கும் கிருமிக்குப் பிரிமாகுயின் 14 நாள். மூன்றாம் நாளே உடம்பு தேறிவிடும், மிச்சக் குளிசை மேசையில் கிடக்கும். அதை விழுங்க வைப்பதும் ஒரு ஊழியரின் வேலைதான்.

2018 கடைசியில் மொனராகலையில், இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரிடமிருந்து உள்ளூர்வாசி ஒருவருக்குத் தொற்றியது. அது அவரோடு நின்றது. தானாக நிற்கவில்லை.

ஆகவே இந்த வருட அறிக்கையில் பார்த்த கிணறுகள், படித்த பூச்சுகள், முழுதாக முடிந்த சிகிச்சைகள் என்பவற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஊழியர் வெற்றிடங்களை நிரப்புங்கள். ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் குளோரினுக்கும் மீனுக்கும் ஒரே கிணற்றுப் பதிவேட்டை, ஐப்பசி மழைக்கு முன்னரே திறந்து வையுங்கள்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதாரப் பணியை அறிந்த சிலர்
யாழ்ப்பாணம்